கூரையின் குரல்

எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதை விசாரணையில் சொன்னேன், என் மனைவியிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். ஒரு படத்தின் வசனம், நாற்பத்து மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தணிக்கை அதிகாரி ஹல்லியேவின் கையெழுத்து, அதன்மேல் ஊதா முத்திரை. மூன்று வரியை அடித்திருந்தார். ஓரிடத்தில் 'கழுதை' என்று இருந்ததைக் 'குதிரை' ஆக்கியிருந்தார். அவ்வளவு கவனம். அதை யார் வாயால் வாசிக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் பெயர் மெரெத். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் தலைவருக்குத் 'தேசத்தின் கூரை' என்று பட்டம். சட்டப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் யாரும் அதைக்கூடச் சொல்வதில்லை. கண்ணை உயர்த்தி விட்டத்தைப் பார்ப்போம், கேட்பவருக்குப் புரிந்துவிடும். கூரைக்கு ஆறடி உயரம், அகன்ற தோள், அடர்ந்த புருவம். சிலை செய்கிறவர்களுக்குச் சிரமமே இல்லை. குரல் மட்டும்தான் காலை வாரிவிட்டது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாமல் விட்டால் வருமே, அந்தக் கீச்சு. அவர் பதவிக்கு வந்த முதல் மாதமே ஆள் தேடினார்கள். மாவட்ட வானொலியில் பருத்திக் கொள்முதல் செய்தி வாசித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பதினைந்து வருடம். தினமும் மாலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் அவர் வாயசைப்பார், சத்தம் என்னுடையது. மைதானத்தில் பேசினாலும் ஒலிபெருக்கியில் வருவது நான் முந்தின நாள் பதிவு செய்தது. அவருடைய நிஜக் குரலைக் கேட்டவர்கள் நாட்டில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அமைச்சர்கள், மெய்க்காவலர்கள், இரண்டு டாக்டர்கள், நான். மற்ற அறுபது லட்சம் பேருக்கும் கூரை என்றால் என் குரல்தான். கடையில் நான் அரைக் கிலோ தக்காளி கேட்டால் கடைக்காரர் பயந்துபோய்ச் சிரிப்பார். "என்னண்ணே, அப்படியே அவரு மாதிரியே பேசுறீங்க, வேணாம்ண்ணே." அதனால் நான் வெளியே அதிகம் பேசுவதில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் படம் போட்டால் ஒரே ஆள்தான் எல்லாருக்கும் பேசுவான். நாயகன், நாயகி, குழந்தை, திருடன், மாமியார், எல்லாம் அவனே. படத்தின் சொந்தச் சத்தம் அடியில் மெல்ல ஓடும். மேலே அவன் குரல். அரங்கத்தின் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்த நேரத்திலேயே வாசிப்பான். எங்கள் காதுக்கு அதுதான் சினிமா. இந்த வேலையை இருபது வருடமாகச் செய்துவந்தவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஐரோப்பியத் தூதரகம் பழைய நகைச்சுவைப் படங்களுக்கு ஒரு வார விழா ஏற்பாடு செய்தது. கலாசார அமைச்சகத்தில் யாரோ ஒரு எழுத்தர், வானொலி அறிவிப்பாளர் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பெயரை எழுதிவிட்டான். மெரெத்.

மறுத்திருக்கலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். மறுக்கவில்லை. ஏன் என்றால், பதினைந்து வருடமாக நான் என்ன சொன்னாலும் மக்கள் எழுந்து நின்றார்கள், நெஞ்சில் கை வைத்தார்கள், கைதட்டினார்கள். ஒருத்தரும் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டும்போல இருந்தது. வேறு காரணம் இல்லை. ஆசை.

என் மனைவி அக்சோல்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"படம் எதைப் பத்தி?"

"ஒரு மார்ஷல். சர்வாதிகாரி. கடலே இல்லாத நாட்டுக்குக் கப்பற்படை கட்டுறான்."

அவள் விட்டத்தைப் பார்த்தாள்.

"சீச்சீ, அதெல்லாம் இல்ல. எண்பது வருஷத்துக்கு முன்னால எடுத்தது. ஹல்லியேவ் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"போட்டா சரிதான்" என்றாள். ஹல்லியேவின் கையெழுத்தின்மேல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அமைச்சர் தாகானோவ், பக்கத்தில் பாதுகாப்புத் துறை கர்னல் சாஹெதோவ், தூதர், அவர் மனைவி, இன்னும் ஏழெட்டுப் பெரிய தலைகள். பின்னால் டாக்டர்கள், ஆசிரியைகள், பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். விளக்கு அணைந்தது. முதல் பத்து நிமிடம் ஒரு தையல்காரியும் தபால்காரனும் பேசிக்கொண்டார்கள். நான் சும்மா தாழ்ந்த குரலில் வாசித்தேன். பிறகு மார்ஷல் மாடத்துக்கு வந்தான், மார்பு நிறையப் பதக்கம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழில் தெரிந்தவன் செய்கிறபடி, குரலை நிமிர்த்தினேன்.

"என் அன்பு மக்களே!"

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். பழக்கம். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். ஒரு பெண் நெஞ்சில் கை வைத்தாள். கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் குரல் எனக்கு என் குரல்தானே! அது இன்னொருவருடையது என்று காலையில் எழுந்ததும் யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் படம் நிற்குமா? மார்ஷல் வாயைத் திறந்துவிட்டான். நான் வாசித்தாக வேண்டும்.

மார்ஷலின் புதுக் கப்பலுக்கு ஏரி போதவில்லை. ஏரியின் நடுவில் கப்பல் சாய்ந்து கிடக்கிறது. ஏழு அமைச்சர்களையும் நடந்தே போய் அதை நிமிர்த்தச் சொல்கிறான். ஒருவன் தண்ணீர் ஆழம் என்கிறான். காகிதத்தில் அடுத்த வரி இருந்தது, வாசித்தேன்.

"இந்த ஏரி ஆழமில்லை. இதை நான் அறிவிக்கிறேன்."

பத்து நாளுக்கு முன்னால் இதே குரலில் இதே மக்கள் ஒரு அறிவிப்பைக் கேட்டிருந்தார்கள். தெற்கே ஆறு கரை நிரம்ப ஓடுகிறது, வறட்சி என்பது வதந்தி என்று. அந்த ஆற்றில் அப்போது ஆடுகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. அந்த அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெற்கே உறவு உண்டு.

திரையில் அமைச்சர்கள் ஒவ்வொருவராக ஏரிக்குள் நடந்து போனார்கள். தொப்பிகள் மட்டும் மிதந்தன. மார்ஷல் எண்ணினான்.

"ஏழு தொப்பி. ஒருவனும் திரும்பவில்லையா? இவர்கள் விசுவாசம் இவ்வளவுதானா?"

எங்கோ நடுவரிசையில் ஒரு பெண் மூக்கால் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே வந்த சிரிப்பு. பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. அப்புறம் மடமடவென்று அரங்கம் முழுக்க. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உயிர் போகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வரியைச் சிரிப்பு அடங்கும்வரை அரை நொடி தள்ளி வாசித்தேன். எந்தக் கோமாளிக்கும் தெரிந்த வித்தை அது.

பிறகு புத்தி வந்தது. குரலை மாற்று மடையா என்றது உள்ளே. எப்படி மாற்றுவது? கீழே இறக்க வழியில்லை, அடித்தட்டு அது. மேலே ஏற்றினேன். மார்ஷலுக்குக் கீச்சுக் குரல் கொடுத்தேன். கதவுக் கீல் குரல். பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட காது, கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டது.

பின்வரிசைகள் இதற்கும் சிரித்தன, அவர்களுக்கு அது வெறும் கீச்சு. முன்வரிசையில்தான் பார்க்க வேண்டும். அமைச்சர் தாகானோவின் கழுத்து விறைத்தது. ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். கர்னல் சாஹெதோவ் மெல்லத் திரும்பி, கண்ணாடி அறையை நிமிர்ந்து பார்த்தார். தடித்த குரலில் வாசித்தால் ஊருக்குத் தெரிகிறது, கீச்சுக் குரலில் வாசித்தால் முன்வரிசைக்குத் தெரிகிறது. எனக்கு முழி பிதுங்கியது. மூன்றாவதாக ஒரு குரல் என்னிடம் இல்லை. மிச்சம் ஐம்பது நிமிடமும் பதற்றத்தில் இரண்டுக்கும் நடுவே தாவித் தாவி வாசித்து, மார்ஷலை இன்னும் வேடிக்கையாக்கிவிட்டேன். விளக்கு வந்ததும் தூதர் எழுந்து நின்று கைதட்டினார். தூதர் மட்டும்தான்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததைப்போலக் கொடுமை வேறில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். வெயில் நாற்பத்தாறு, வானிலை அறிக்கையில் நாற்பதுக்கு மேல் வாசிக்கக் கூடாது. அக்சோல்தான் பையில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வைத்தாள்.

"இந்த வெயில்ல காலுறை எதுக்கு?"

"அனுப்புற இடத்துல குளிர்காலம் வராதா? பேசாம இருங்க."

"அனுப்ப மாட்டாங்க. நான் இல்லாம அவருக்குப் பேச்சு ஏது?"

"வானொலியில இன்னும் பதினஞ்சு பேரு இருக்காங்க. பெரிசா பேச வந்துட்டாரு."

தொலைபேசி மணி அடித்தால் இரண்டு பேரும் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஒரு தடவை திருமண அழைப்பு. ஒரு தடவை தவறான எண். மூன்றாம் நாள் ஹல்லியேவ் நேரில் வந்தார். உட்காரவில்லை. தொப்பியை எடுத்துக் கையில் பிசைந்துகொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

"என்ன மெரெத், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் வாசிச்சேன். ஒரு எழுத்து மாத்தல."

"காகிதத்துல குரல் இருந்துச்சா? சொல்லுங்க. இருந்தா அடிச்சிருக்க மாட்டேனா?" அழுதுவிடுவார்போல இருந்தது. "முப்பது வருஷ சர்வீஸ். கழுதையைக் குதிரை ஆக்கினேனே, அதையாவது யாராவது சொல்லுவாங்களா?"

அக்சோல்தான் அவருக்கு முலாம்பழம் வெட்டிக் கொடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மதியம் கறுப்பு கார் வந்தது. அக்சோல்தான் காலுறைப் பையைக் கையில் திணித்தாள். டிரைவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தான். "பை வேணாம் அக்கா. அந்த நாப்பத்து மூணு பக்கம் இருக்காம்ல, அதை மட்டும் கொண்டுவரச் சொன்னாங்க."

அரண்மனையில் இருபது இருக்கையுள்ள சின்னத் திரையரங்கம். கூரை நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றி அமைச்சர்கள், கர்னல். எனக்காகப் பக்கவாட்டில் ஒரு மேசை, மைக், சின்ன விளக்கு. கூரை கையை அசைத்தார். படம் ஓடியது.

எந்தக் குரலில் வாசிப்பது? மார்ஷல் மாடத்துக்கு வரும்வரை எனக்கு அது ஒன்றுதான் யோசனை. அவன் வந்தான். வாயைத் திறந்தான். எனக்குக் காற்றுதான் வந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. மார்ஷல் தன் பாட்டுக்குக் கையை ஆட்டி ஏதோ அன்னிய மொழியில் கத்திக்கொண்டிருந்தான்.

"நிறுத்து" என்றார் கூரை. கீச்சென்று. "என்னய்யா, வாயில என்ன?"

"தண்ணி... தண்ணி வேணும், ஐயா."

எழுந்து வந்தார். மேசைமேல் குனிந்தார். அத்தர் வாசம் அடித்தது. காகிதத்தை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார், மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "தள்ளு" என்றார். நான் தள்ளி உட்கார்ந்தேன். "திரும்பப் போடு."

மார்ஷல் மறுபடி மாடத்துக்கு வந்தான். தேசத்தின் கூரை மைக்கில் வாயை வைத்து, தன் சொந்தக் குரலில், ஒலிபெருக்கி அதிர வாசித்தார்.

"என் அன்பு மக்களே!"

சத்தியமாகச் சொல்கிறேன், மனிதர் பிரமாதமாகச் செய்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஏரியை அறிவித்தார். தொப்பிகளை எண்ணினார், ஏழாவது தொப்பிக்கு ஒரு சின்னப் பெருமூச்சு வேறு. இருட்டில் அமைச்சர்கள் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள், பாவம். சிரித்தால் அவர் குரலைப் பார்த்துச் சிரித்ததாகும். சிரிக்காவிட்டால் அவர் நகைச்சுவை எடுபடவில்லை என்றாகும். நான் சிரித்துவிட்டேன். பயந்து சிரிக்கவில்லை, காக்காய் பிடிக்கவும் சிரிக்கவில்லை. நன்றாக இருந்தது, சிரிப்பு வந்தது.

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். அந்தப் பெரிய முகம் குழந்தை முகமாகியிருந்தது.

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா."

"நிஜமாவா?"

"பொய் சொன்னா இப்படிச் சிரிப்பு வருமா ஐயா?"

அவர் அமைச்சர்கள் பக்கம் திரும்பினார். "பதினஞ்சு வருஷமா என் குரல் ஆகாதுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இவன் சிரிக்கிறான் பாருங்க. ஜனங்களுக்கு என் குரல் பிடிக்கும்யா. வெள்ளிக்கிழமைலேருந்து நானே பேசுறேன்."

அமைச்சர் தாகானோவ் கைதட்ட ஆரம்பித்தார், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் தட்டினேன். உயிரோடு வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிப்பு வந்தது வேறு, ஆணைக்குச் சிரிப்பு வருவது வேறு. அதை அவரிடம் அந்த அறையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எட்டு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. கோடைக்கு எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருக்கும். எங்கள் குடியிருப்பில் எண்பது வீடு, எண்பது தொலைக்காட்சி. தேசிய கீதம் முடிந்தது. கூரையின் முகம் வந்தது. வாய் திறந்தது.

கீச்சுக் குரலில், கோதுமை விளைச்சல் இலக்கைத் தாண்டிவிட்டது என்றார்.

எங்கள் மாடிக்குக் கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அந்த வாயைப் பொத்தினார்கள், அதுவும் கேட்டது. எதிர் வீட்டில் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள். அப்புறம் ஒவ்வொரு ஜன்னலாக, படார் படார் என்று. அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அக்சோல்தான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தலையணையிலிருந்து முகத்தை எடுத்தபோது அவள் சிரிக்கவில்லை.

"என்னங்க," என்றாள், "இது அவரு குரல்னு ஜனங்களுக்குத் தெரியாதே."

நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"அவங்க என்ன நினைப்பாங்க? எவனோ அவரைக் கேலி பண்றான்னுதானே? இந்த ஊர்ல அப்படிக் கீச்சுன்னு பேசிக் காட்டினவன் யாரு? போன வாரம் முந்நூறு பேரு கேட்டாங்களே."

காலுறைப் பை கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அவள் போய் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விடியும்வரை கையை விடவில்லை.

காலை ஏழு மணிக்கு வந்தார்கள். இந்தத் தடவை பையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

விசாரணை அதிகாரியின் பெயர் நோபாத். நாற்பது வயது இருக்கும், தடித்த கழுத்து, சுத்தமாக மழித்த முகம். நல்லவன். அதுதான் கஷ்டம். நிஜமான கோபத்தோடு இருந்தான்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்காண்ணே? எங்கம்மா நேத்து சாப்பிடல. டிவியை அணைச்சிட்டு அழுதாங்க. அவரோட மூஞ்சியைப் போட்டு, மேல இப்படி ஒரு அசிங்கமான குரலை வெச்சு... ஆயிரத்து இருநூறு புகார் வந்திருக்கு. போன்ல."

"நான் நேத்து நிலையத்துக்கே போகல."

"அப்ப யாரு?"

யார்? சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அது அவர் குரல்தான் தம்பி, இதுவரை நீ கேட்டதுதான் பொய் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என்னிடம் பதினைந்து வருடத்துக்கு முன்னால் கையெழுத்து வாங்கின ரகசியக் காகிதத்தின்படி தேசத் துரோகம். சொல்லாவிட்டால் கேலி செய்த குற்றம். முதலாவதற்கு இருபது வருடம். இரண்டாவதற்கு ஆறு. வாயை மூடிக்கொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு கர்னல் சாஹெதோவ் வந்தார். நோபாத் எழுந்து விறைப்பாக நின்றான். கர்னல் அவனைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னார். கதவு மூடியதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"பேச்சைப் பகல்லயே பதிவு பண்ணிட்டு, எட்டு மணிக்கு ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு மெரெத். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணுமாம். கேட்டாரு. ஊரே சிரிச்சுது, ஜன்னலைச் சாத்தின பிறகும் அரண்மனை வரைக்கும் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"எழுந்து ஜன்னலைச் சாத்தினாரு. அப்புறம் போனை எடுத்தாரு. எவனோ என் குரலைக் கெடுத்துட்டான், பிடிங்கன்னாரு." கர்னல் விட்டத்தைப் பார்த்தார். "அந்த ஆயிரத்து இருநூறு புகார்ல முதல் புகார் அவரோடதுதான்."

"கேவலமா இல்ல உங்களுக்கு?" என்றேன். முதல் தடவையாக அந்த அறையில் என் குரல் முழுதாக வெளியே வந்தது. "நேருக்கு நேரா உக்காந்து கேட்டவர் நீங்க. அவரு வாசிக்கும்போது பக்கத்துல இருந்தவர் நீங்க."

"கேவலமாத்தான் இருக்கு. எனக்கு ரெண்டு பொண்ணு." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுத்துடு. அக்சோல்தானைத் தொட மாட்டாங்க, வீட்டையும் எடுக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு வாக்குக்காக எழுதினேன். நேற்று மாலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்த குரல் என்னுடையது. தேசத்தின் கூரையை நான் கேலி செய்தேன். கீழே மெரெத்.

பதினைந்து வருடம் என் குரலை அவர் தன்னுடையது என்று சொன்னார். அவர் குரலை என்னுடையது என்று நான் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் தாள் மட்டும் போதவில்லை. சாட்சிக்கு ஒலிப்பதிவு வேண்டுமாம். நோபாத் திரும்பி வந்து பதிவுக் கருவியை மேசையில் வைத்தான். நேற்றைய பேச்சு தட்டச்சில் இருந்தது. குரல் பொருந்துகிறதா என்று பார்க்க, அதை அப்படியே நான் பேசிக் காட்ட வேண்டும். கர்னல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஆரம்பிங்கண்ணே" என்றான் நோபாத், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

ஆரம்பித்தேன். கோதுமை விளைச்சல். இலக்கு. நேற்று ஊரெல்லாம் கேட்ட அதே இழுப்பு, அதே கீச்சு. இரண்டாவது பத்தியில் எனக்கே தொழில் ரோஷம் வந்துவிட்டது. எதற்காக ஆறு வருடம் போகிறேனோ அதை ஒழுங்காகவாவது செய்துவிட்டுப் போகலாமே! மூன்றாவது பத்தியில், 'ஒவ்வொரு கதிரும் என்னைப் பார்த்துத் தலை வணங்கியது' என்ற வரியில், கதிருக்கு ஒரு சின்ன நிறுத்தம் கொடுத்தேன்.

நோபாத் சிரித்துவிட்டான்.

கன்னம் உப்பி, உதட்டைக் கடித்து, என்னென்னவோ செய்து பார்த்தான். ஆகவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தத் தடித்த கழுத்து சிவக்க, கண்ணீர் வரச் சிரித்தான். "ஐயோ அண்ணே... மன்னிச்சுக்குங்க... கதிரு..." என்றான். மறுபடி சிரித்தான். பதிவுக் கருவி சுற்றிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது அவன் பார்வை கர்னலிடம் போனது. சிரிப்பு பாதியில் நின்றது.

கர்னல் கருவியைப் பார்த்தார். நாடாவில் எல்லாம் ஏறிவிட்டது, அதை மேலே எத்தனை பேர் கேட்கப்போகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மேசைக்கு வந்து, இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தார். அதை நோபாத்தின் முன்னால் வைத்தார், பேனாவை அதன்மேல் வைத்தார்.

"சார், எங்கம்மா..." என்றான் நோபாத்.

நான் கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை.